'வெப்ப ஏற்புத்திறன்' – 'வெப்ப ஏற்பளவு' என மாற்றலாமா?

வணக்கம்.

ஒரு பொருளின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த வேண்டிய வெப்பத்தை (heat capacity) குறிக்கும் 'வெப்ப ஏற்புத்திறன்' பாடநூல்களில் வேரூன்றிய சொல். அதை அசைப்பானேன் என்ற கேள்வி நியாயமானதே. ஆனாலும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இடறும் இடம் தெரியும்.

1000 வாட் திறனுள்ள சூடேற்றி 84 நொடி இயங்குகிறது. 2 கிலோகிராம் நீரின் வெப்பநிலை எவ்வளவு உயரும்? நீரின் தன்வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு கிலோகிராமை ஒரு கெல்வின் (ஒரு பாகை) உயர்த்த வேண்டிய வெப்பம், 4200 ஜூல். வெப்பம் வெளியே போகவில்லை என்று கொள்வோம். சூடேற்றி தந்தது 84,000 ஜூல். நீரை ஒரு பாகை உயர்த்த 2 × 4200 = 8400 ஜூல் வேண்டும். வகுத்தால் 10 பாகை. அதே வெப்பத்தை 2 கிலோகிராம் செம்புக்குக் கொடுத்தால் ஏறக்குறைய 109 பாகை ஏறிவிடும். செம்பின் தன்வெப்ப ஏற்புத்திறன் 385 தானே.

ஒரே வினாவில் இரண்டு 'திறன்' வந்துவிட்டதைப் பாருங்கள். முதலாவது நொடிக்கு இத்தனை ஜூல். இரண்டாவதில் நேரத்துக்கு வேலையே இல்லை, பாகைக்கு இத்தனை ஜூல். இயற்பியலில் 'திறன்' என்றாலே வாட் என்று பழக்கிவிட்டு, அடுத்த பாடத்தில் அதே சொல்லை வேறொன்றுக்கு வைப்பது மாணவருக்கு நாமே வைக்கும் பொறி. ('Capacitance' எனப்படும் மின்தேக்குத்திறனிலும் இதே சிக்கல்தான். அதைத் தனியே பேசுவோம்.)

இலங்கை வழக்கான 'வெப்பக் கொள்ளளவு' இதில் சிக்காது. அங்கே வாட்டில் அளப்பது 'வலு'. ஆனால் கொள்ளளவு என்றதும் நிரம்பி வழியும் பாத்திரம்தான் மனத்தில் வருகிறது. நாம் குறிக்க விரும்புவதோ உச்ச வரம்பு அல்ல, ஒவ்வொரு பாகைக்கும் ஆகும் வெப்பம்.

எனவே என் பரிந்துரை 'வெப்ப ஏற்பளவு'. ஒரு கிலோகிராமுக்கு என்றால் 'தன்வெப்ப ஏற்பளவு', ஒரு மோலுக்கு என்றால் 'மோலார் வெப்ப ஏற்பளவு'. 'ஏற்பு' அப்படியே இருப்பதால் பழைய நூல் படித்தவருக்கும் உடனே பிடிபடும்.

குளிரும்போது பொருள் வெப்பத்தை விடுகிறதே, 'ஏற்பு' பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தும். ஒரு பாகை ஏற வாங்கிய அதே அளவைத்தான் ஒரு பாகை இறங்கும்போது திருப்பித் தருகிறது. சமன்பாட்டில் குறி மட்டுமே மாறும். கொதிக்கும் நீருக்கு இது செல்லாது. அங்கே வெப்பம் ஏற ஏற வெப்பநிலை அசையாமல் நிற்கும். அது உள்ளுறை வெப்பத்தின், அதாவது வெப்பநிலை மாறாமல் நீர் ஆவியாக ஆகும் வெப்பத்தின், கணக்கு.

'ஏற்பளவு' வேறு துறையில் ஏற்கெனவே வழங்குகிறதென்றால் தெரிவியுங்கள். மாற்றிக்கொள்ளலாம்.