மேல்மாடி வீடு, போர் தண்ணீர்: ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின் சரிவருமா?

கேள்வி (மாடிவீடு):
தாம்பரம் பக்கம் இரண்டாம் மாடி. தலைக்கு மேலேயே மொட்டைமாடித் தொட்டி. நான்கு பேர், யூனிஃபார்ம், வேட்டி, காட்டன் புடவை, வாரம் ஒருமுறை பெட்ஷீட். போர் தண்ணீர்தான், டிடிஎஸ் மீட்டரில் 1,100 காட்டுகிறது, குழாய் வாயில் வெள்ளையாகப் படிகிறது. பால்கனியில் 6 ஆம்பியர் பிளக் மட்டும் இருக்கிறது. பட்ஜெட் 30,000. 7 கிலோ ஃப்ரண்ட் லோடு எடுக்கலாமா?

பதில் (குழாய்க்காரர்):
பிராண்டைப் பிறகு பார்க்கலாம். தொட்டியின் அடிமட்டத்திலிருந்து மெஷின் குழாய் வரை நேர் உயரம் எத்தனை மீட்டர் என்று முதலில் அளந்து பாருங்கள். 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார், அதாவது 0.1 மெகாபாஸ்கல் அழுத்தம் (ஃபோர்ஸ்) கிடைக்கும். மெஷின் கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் 0.05 மெகாபாஸ்கல் என்று போட்டிருந்தால் 5 மீட்டர் வேண்டும். தொட்டிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் பெரும்பாலும் 3 மீட்டர்தான் தேறும்.

பக்கெட் சீக்கிரம் நிரம்புகிறதே என்று நினைக்க வேண்டாம். மெஷினுக்குள் இருக்கும் வால்வின் ரப்பர் சவ்வு தண்ணீர் ஃபோர்ஸை நம்பித்தான் வேலை செய்கிறது. ஃபோர்ஸ் குறைந்தால் முழுசாகத் திறக்காது. சில சமயம் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டும் இருக்கும். தண்ணீர் குறித்த நேரத்தில் ஏறாவிட்டால் மெஷின் பாதியில் நின்றுவிடும். எல்ஜியில் ‘ஐஇ’, சாம்சங்கில் ‘4சி’ என்று காட்டும். மெஷின் பழுது என்று நினைத்து சர்வீஸுக்கு அழைப்பவர்கள் நிறைய.

பதில் (உப்புத்தண்ணி):
டிடிஎஸ் என்பது கரைந்த உப்பு மொத்தமும். துணிக்கும் ஹீட்டருக்கும் தொந்தரவு தருவது அதில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும். கடினத்தன்மையைத் தனியாகச் சோதியுங்கள். சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கும் சோதனைக் கிட் போதும், குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலும் பார்க்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் லிட்டருக்கு 200 மி.கி. ஏற்கத்தக்கது, வேறு வழியில்லை என்றால் 600 வரை.

சுடவைத்தால்தான் இந்தச் சுண்ணாம்பு வேகமாகப் படியும். ஃப்ரண்ட் லோடில் ஹீட்டர் உண்டு. பச்சைத் தண்ணீரிலேயே துவைத்தால் படிவு குறையும், ஆனால் அழுக்கு நீக்கும் பலனில் ஒரு பங்கை இழக்கிறீர்கள். சுடுநீர் ஓட்டினால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காலி டிரம்மில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு 60 டிகிரியில் ஓட்ட வேண்டும். ப்ளீச்சிங் பவுடரை அதோடு கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.

குழாயில் மாட்டும் சிறிய ஃபில்டர்களில் பல பாஸ்பேட் மணிகள்தான். அவை படிவைத் தள்ளிப்போடும், கடினத்தன்மையை எடுக்காது. எடுக்க ரெசின் சாஃப்ட்னர் வேண்டும், அதற்கு அவ்வப்போது உப்புக் கரைசல் ஊற்ற வேண்டும்.

மாடிவீடு:
அளந்தேன், 2.8 மீட்டர். கடினத்தன்மை 550. அப்படியானால் செமி ஆட்டோமேட்டிக்தானா?

பதில் (குழாய்க்காரர்):
அவ்வளவு தூரம் இறங்க வேண்டாம். ஹீட்டர் இல்லாத 7 கிலோ டாப் லோடு எடுங்கள், குறைந்த ஃபோர்ஸிலும் நிரம்பும் என்று கையேட்டில் இருக்கும் மாடலாக. லாரித் தண்ணீர் நாட்களில் மூடியைத் திறந்து பக்கெட்டால் ஊற்றினாலும் சென்சார் மட்டம் பார்த்துக்கொள்ளும். தண்ணீர் செலவு ஃப்ரண்ட் லோடைப் போல இரண்டு மடங்கு வரை போகும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஃப்ரண்ட் லோடுதான் வேண்டும் என்றால் தானே ஆன் ஆகி நிற்கும் சின்ன பூஸ்டர் பம்பும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பதில் (வயரிங்):
ஃப்ரண்ட் லோடு ஹீட்டர் சுமார் 2,000 வாட்ஸ், 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக் சூடாகி உருகும். 16 ஆம்பியர் பிளக், குறைந்தது 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், எர்த் மூன்றும் தேவை. எந்த மெஷின் எடுத்தாலும் எர்த்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஈரக் கையோடு தொடுகிற பெட்டி அது.

பதில் (உப்புத்தண்ணி):
போர் மணல், மெஷினுக்குள் தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள இன்லெட் வலையில் அடைக்கும். மாதம் ஒருமுறை குழாயை மூடி, ஹோஸைக் கழற்றி, வலையைக் குறடால் இழுத்து பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். அதை உடைத்துவிட்டு வலையில்லாமல் ஓட்டினால் மணல் வால்வுக்குள் போய் உட்கார்ந்துவிடும்.