மாவளி சுற்றும்போது ஷட்டர் வேகம் எவ்வளவு வைக்கலாம்?

பனங்காட்டான்:
போன கார்த்திகைக்குச் சித்தப்பா மாவளி (பனம்பூக் கரியைக் கட்டிக் கொளுத்தி, கயிற்றில் சுற்றிப் பொறி பறக்கவிடுவது) சுற்றினார். 1/250-ல் எடுத்தேன். அங்கங்கே நாலு நெருப்புப் புள்ளி, மிச்சமெல்லாம் இருட்டு. கண்ணுக்குத் தெரிந்த பொறி வளையம் படத்தில் வரவே இல்லை. இந்த வருஷம் விடக்கூடாது. என்ன செய்யலாம்?

பழைய நிக்கான்:
1/250 நொடியில் பொறி எவ்வளவு தூரம்தான் போகும்? ட்ரைபாடில் ஷட்டர் 2 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, லென்ஸ் துளை எஃப் 8-ல் ஆரம்பியுங்கள். அவர் நொடிக்கு ஒரு சுற்று சுற்றினால் இரண்டு முழு வளையம் விழும். வெளிச்சம் இருக்கும்போதே அவர் நிற்கப்போகும் இடத்துக்கு ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஆசைப்பட்டு 10 நொடி வைத்துவிடாதீர்கள். நான் வைத்தேன்; ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெறும் வெள்ளைத் தட்டுதான் மிஞ்சியது.

பனங்காட்டான்:
சரி, சித்தப்பா முகம்? ஆடிக்கொண்டே இருப்பாரே.

பழைய நிக்கான்:
கலங்கத்தான் செய்யும். ஃப்ளாஷை ரியர் கர்ட்டனில், 1/16 பவரில் வையுங்கள். ஷட்டர் மூடும் முன் ஒரு வெட்டு வெட்டும். அதில் முகம் நின்றுவிடும்.

சாரல்:
அண்ணா, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து நில்லுங்கள். பனம்பூக் கரிப் பொறி லேசில் அணையாது. என் லென்ஸ் ஃபில்டரில் அது சுட்ட ஒரு பொட்டு இன்னும் இருக்கிறது.