எம்பிஓ கேபிளோடு மல்லுக்கட்டிய கதைகள்: உங்களுடையதையும் எழுதுங்கள்

நான் தொடங்கி வைக்கிறேன். சென்னையில் ஒரு டேட்டா சென்டர், இரவு வேலை. இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே எட்டு 100ஜி எஸ்ஆர்4 லிங்க், அதாவது நொடிக்கு 100 கிகாபிட் போகும் ஒளியிழை இணைப்பு. சுவிட்சில் செருகும் ஒளி மாட்யூலிலிருந்து எதிர்ப்பக்க மாட்யூலுக்கு நேராக எம்பிஓ கேபிள், ஒரே முனையில் பல ஒளியிழைகள் உள்ளது. ஆறு லிங்க் உடனே வந்துவிட்டது. இரண்டு மட்டும் வரவில்லை. மாட்யூலை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன். ஒளி போகிறது, எதிர்முனையில் வந்து சேரவில்லை. மணி மூன்றாகிவிட்டது.

பிறகுதான் கேபிளில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். ஆறில் 'டைப் பி', இரண்டில் 'டைப் ஏ'. எட்டும் ஓஎம்4 (மல்ட்டிமோட் இழையில் ஒரு வகை), அதே அக்வா நிறம், அதே தடிமன். எஸ்ஆர்4-இல் 12 இழைகளில் எட்டுக்குத்தான் வேலை. 1 முதல் 4 வரை அனுப்பும், 9 முதல் 12 வரை வாங்கும், நடு நான்கும் சும்மா கிடக்கும். டைப் பி-யில் 1-ஆம் இழை மறுமுனையில் 12-ஆம் இடத்துக்குப் போகிறது. டைப் ஏ-யில் 1 நேராக 1-க்கே போகிறது. அனுப்புகிற இடத்துக்கு எதிரே அனுப்புகிற இடமே நின்றால் லிங்க் எப்படி வரும்? இரண்டு கேபிளை மாற்றினேன், பத்து நிமிடத்தில் முடிந்தது. அன்றிலிருந்து டைப் ஏ, டைப் பி இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்க விடுவதில்லை.

---

எனக்கு ஊசியால் வந்த வினை, அண்ணா. மாட்யூலுக்குள்ளேயே இரண்டு வழிகாட்டி ஊசிகள் இருக்கும். அதனால் கேபிள் முனை ஊசி இல்லாததாக இருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த தம்பி ஊசி உள்ள ட்ரங்க் கேபிளை (பல இழைகள் கொண்ட முதன்மைக் கேபிள்) எடுத்து அழுத்திச் செருகிவிட்டான். ஊசியும் ஊசியும் மோதி மாட்யூல் போயிற்று. அவனைத் திட்ட மனம் வரவில்லை, யாரும் அவனுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே இரண்டு முனைகளையும் கையில் கொடுத்துக் காட்டுகிறேன்.

---

தூசியை யாரும் சொல்லவில்லையே! பையிலிருந்து அப்போதுதான் பிரித்த கேபிள், மூடிகூடக் கழற்றாதது. முனையைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பில் பார்த்தால் அழுக்கு. மூடியிலிருந்தே ஒட்டிக்கொள்கிறது. சிங்கிள் மோட் வகை இழையில் ஒளி போகும் மையம் ஏறத்தாழ 9 மைக்ரான்தான், கண்ணுக்குத் தெரியாத துகள் போதும் அடைக்க. க்ளிக் பேனாவால் (அழுத்தினால் முனையைத் துடைக்கும் கருவி) துடைத்து, மறுபடி ஸ்கோப்பில் பார்த்த பிறகே செருகுவேன். முனையை வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள் தம்பிகளா. 850 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், இருட்டாக இருப்பதால் ஒளி இல்லை என்று ஆகாது.