‘சாஃப்ட் மேட்டர்’: ‘மென்பதப் பொருள்’ எனலாமா?

கூழ்மம், நுரை போல எளிதில் உருமாறும் பொருள்களை இயற்பியலில் ‘சாஃப்ட் மேட்டர்’ (soft matter) என்பர்; அதற்குத் தமிழில் ஒரு சொல் தேவை. அதற்கு நேராகக் கிடைக்கும் ‘மென்பொருள்’ கணினித் துறையில் வேரூன்றிவிட்டது. இனி அதை அங்கிருந்து பெயர்க்க இயலாது. ‘நெகிழ்பொருள்’ என்றால் ‘நெகிழி’ நினைவுக்கு வரும். ‘குழைமம்’ அழகான சொல்தான். ஆயினும் குழைந்தது பழைய உருவுக்குத் திரும்பாது என்ற எண்ணம் அதில் ஒட்டியிருப்பதால், இழுத்துவிட்டால் மீளும் ரப்பரை அதற்குள் அடக்குவது கடினம்.

கூழ்மம் (பால்போல் நுண்துகள்கள் பரவிய கலவை), பல்லுறுப்பி (ரப்பர் போன்ற நீள்சங்கிலி மூலக்கூறுகளாலானது), நீர்மப் படிகம் (நீர்மம்போல் பாய்ந்தாலும் மூலக்கூறுகள் ஒழுங்காக அமைந்தது), நுரை ஆகியவற்றை ஒரே குடும்பமாக்குவது கைக்குத் தெரியும் மென்மை அன்று. அவற்றின் உள்ளமைப்பைக் கலைக்கத் தேவையான ஆற்றல், அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளின் வெப்ப அசைவுக்குரிய ஆற்றலோடு, அதாவது ஏறத்தாழ 4×10⁻²¹ ஜூலோடு, ஒப்பிடத்தக்கது என்பதே அடிப்படை. ஆகவே சிறு தூண்டலுக்கும் அவை பெரிதும் மாறுகின்றன. 1991இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு அறிஞர் டி ஜென் தம் பரிசுரைக்கு இத்துறையின் பெயரையே தலைப்பாக வைத்து, ரப்பர் பாலைச் சான்று காட்டினார்: கரிம அணுக்களில் மிகச் சிலவே ஆக்சிஜனுடன் வினைபுரிந்தாலும் பாயும் பால் மீள்தன்மையுள்ள ரப்பராகிவிடுகிறது.

உயிரியலில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். செல் சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர்; அதை வளைக்க வெப்ப ஆற்றலைப்போல் சில பத்து மடங்கே போதும் என்பதால், நுண்ணோக்கியில் சிவப்பணுவின் விளிம்பு ஓயாமல் துடிப்பதைக் காணலாம். சுமார் 8 மைக்ரோமீட்டர் அகலமுள்ள அந்த அணு தன்னைவிடக் குறுகிய நுண்குழாய்களில் உருமாறி நுழைந்து வெளிவருகிறது. ஃபால்சிபாரம் மலேரியா ஒட்டுண்ணி புகுந்தால் அவ்வணு விறைத்துப்போகிறது. 2009இல் ஒரு புழுவின் கருவணுக்களிலிருந்த பி-துகள்கள் (ஆர்.என்.ஏ.யும் புரதமும் சேர்ந்த திரள்கள்) நீர்மத் துளிகளைப் போல ஒன்றிணைவதும் வழிவதும் கண்டறியப்பட்டபின், செல்லுக்குள் நிகழும் நிலைமைப் பிரிவே (எண்ணெயும் நீரும்போல் கலவை தனித்தனிப் பகுதிகளாகப் பிரிவது) ஒரு தனி ஆய்வுக்களமாகிவிட்டது.

இவை அனைத்திலும் நாம் கேட்பது, பொருள் இப்போது எந்தப் பதத்தில் இருக்கிறது, எதனால் அப்பதம் மாறும் என்பதையே. பாகு காய்ச்சுவோர் சொல்லும் ‘பதம்’ திண்மம், நீர்மம் என்று பிரிக்காமல் இடைப்பட்ட நிலைகளையும் குறிக்கிறது. ஆகவே ‘மென்பதப் பொருள்’ என்பதை முன்மொழிகிறேன். துறைக்கு ‘மென்பத இயற்பியல்’ என்றும், சவ்வு, செல் குழம்பு போன்றவற்றுக்கு ‘உயிர் மென்பதப் பொருள்’ என்றும் எளிதாக விரிக்கலாம். ‘பதம்’ சொல்லையும் குறிக்கும் என்பது உண்மையே; பின்னால் ‘பொருள்’ வருவதால் பாடநூலில் மயக்கம் நேராது எனக் கருதுகிறேன். தானே ஆற்றலைச் செலவிட்டு அசையும் செல் கூட்டங்களுக்கு மட்டும் இச்சொல் போதாது. அவற்றுக்கு ‘தன்னியக்க மென்பதப் பொருள்’ எனலாமா என்பதை உயிரியல் கற்பிப்போர் சொல்ல வேண்டும்.