வர்ணம் பாதியில் நிற்கக்கூடாது

குழு: மாம்பலம் வீடு

சனி, மாலை 6:40

சுமதி அத்தை: அருண், நிலாவின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு இன்னும் 16 நாள்தான் இருக்கிறது. வீடியோக்காரர் கேட்ட தொகைக்கு இன்னொரு பட்டுப்புடவையே எடுத்துவிடலாம். நீயே எடுத்துத் தருகிறேன் என்றாய் அல்லவா, கேமராவுக்கு என்ன வேண்டுமோ சொல்.

அருண்: கேமரா ரெடி அத்தை. மெமரி கார்டுதான் இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது அவர் கூடவே ஒரு 16 ஜிபி கார்டு கொடுத்தார். 4கே-யில் எடுத்தால் 20 நிமிடம் தாங்கினால் பெரிது.

சுமதி அத்தை: சரி, கார்டு என்ன விலை?

அருண்: அங்கேதான் குழம்பி நிற்கிறேன். எல்லாம் 128 ஜிபி என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் ஒன்றின் விலையைப்போல நாலைந்து மடங்கு இன்னொன்றின் விலை. சீனு சித்தப்பா, இருக்கிறீர்களா?

பெரியப்பா: "1 டிபி மெமரி கார்டு வெறும் 599 ரூபாய்! இன்று மட்டும்! உடனே பகிரவும்!"

பெரியப்பா: இது போதுமே. அரங்கேற்றம் மட்டுமா, கல்யாணம் வரைக்கும் இதிலேயே அடங்கிவிடும்.

சீனு சித்தப்பா: அண்ணா, அதைத் தொடாதீர்கள். நிலா காதுகுத்து ஞாபகம் இருக்கிறதா?

சுமதி அத்தை: அதை ஏன்டா இப்போது எடுக்கிறாய்.

நிலா: என்ன மாமா ஆச்சு? எனக்கு யாரும் சொன்னதே இல்லை.

சீனு சித்தப்பா: உனக்கு ஒரு வயது. நடைபாதையில் ஒரு 32 ஜிபி கார்டு சல்லிசாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டேன். உள்ளே இருந்தது 8 ஜிபிதான். கேமரா கேட்டாலும் கம்ப்யூட்டர் கேட்டாலும் 32 என்று பொய் சொல்லும்படி மாற்றி வைத்திருந்தார்கள். 8 நிறைந்த பிறகும் அது நிற்கவில்லை, எழுதுவதுபோல நடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மொட்டை போட்டது இருக்கிறது. என் மடியில் உட்கார்ந்து நீ ஊரைக் கூட்டியது இல்லை. ஃபைல் பெயர் மட்டும் இருக்கிறது, திறந்தால் ஒன்றுமே இல்லை.

சுமதி அத்தை: அதனால்தான் சொல்கிறேன், இந்த முறை நல்லதாகவே வாங்கிவிடுங்கள். விலை கூட இருந்தாலும் பரவாயில்லை.

சீனு சித்தப்பா: அக்கா, அதுவும் தேவையில்லை. அருண், உன் கேமரா சோனி இசட்வி-இ10 தானே?

அருண்: ஆமாம் சித்தப்பா.

சீனு சித்தப்பா: அதில் 4கே அதிகபட்சம் 100 எம்பிபிஎஸ். அதாவது விநாடிக்கு 100 மெகாபிட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட், அதனால் 8-ஆல் வகுத்தால் விநாடிக்கு 12.5 எம்பி. கார்டு எழுத வேண்டியது அவ்வளவுதான். ஆனால் கார்டின் மேல் 170, 200 என்று பெரிதாகப் போட்டிருப்பார்களே, அது பெரும்பாலும் படிக்கும் வேகம். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் காப்பி செய்யும்போது உதவும். மேடைக்கு முன்னால் நிற்கும் உனக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நீ பார்க்க வேண்டியது மூலையில் சின்னதாக இருக்கும் வி30 என்ற குறி. எவ்வளவு நேரம் எழுதினாலும் விநாடிக்கு 30 எம்பிக்குக் கீழே இறங்காது என்று அர்த்தம். கிண்ணம் மாதிரி வளைவுக்குள் 3 என்று போட்டிருந்தாலும் (யூ3) அதே 30தான்.

அருண்: 12.5 தான் வேண்டும் என்றால் கிளாஸ் 10 என்று போட்ட கார்டு போதுமா?

சீனு சித்தப்பா: கிளாஸ் 10, யூ1 இரண்டு குறிக்கும் உத்தரவாதம் விநாடிக்கு 10 எம்பிதான். உனக்கு 12.5. அந்த இரண்டரைக்காக எழுதுவது தேங்கிப்போனால் கேமரா பாதியில் ரெக்கார்டிங்கை நிறுத்திவிடும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு யூ3 கார்டு வேண்டும் என்று சோனியே சொல்கிறது.

அருண்: அப்போது வி60, வி90 என்று போட்ட கார்டுகள்?

சீனு சித்தப்பா: அந்த விலை ஏறின கார்டுகளின் பின்பக்கம் பார், பொன் நிறத் தகடுகள் இரண்டு வரிசையாக இருக்கும். அது யூஎச்எஸ்-2 என்ற வேகமான வகை. உன் கேமராவுக்கு ஒரு வரிசைதான் தெரியும். இரண்டாவது வரிசைக்குக் காசு கொடுத்துவிட்டுச் சும்மா வைத்திருக்க வேண்டியதுதான். 400 எம்பிபிஎஸ்ஸில் எடுக்கிற கேமரா இருந்தால் அது வேறு கதை.

பெரியப்பா: ஒரு கார்டுக்கு இவ்வளவு ஜாதகமா!

அருண்: மைக்ரோ கார்டு அடாப்டரோடு இன்னும் குறைவாக வருகிறதே? ஏ2 என்றும் போட்டிருக்கிறது.

சீனு சித்தப்பா: ஏ2 போனில் ஆப் ஓடுவதற்கு, வீடியோவுக்குச் சம்பந்தம் இல்லை. அடாப்டரும் வேலை செய்யும், நானே டிரோனுக்கு வாங்கினதைக் கேமராவில் போட்டிருக்கிறேன். ஆனால் நடுவில் இன்னொரு இணைப்பு வருகிறது, லேசாக ஆடினாலும் கார்டு பிழை என்று காட்டும். திரும்ப எடுக்க முடியாத நிகழ்ச்சிக்கு முழு அளவு எஸ்டி கார்டே வாங்கு.

இரவு 8:15

அருண்: இரண்டு 64 வாங்கலாம் என்று நினைக்கிறேன். பட்ஜெட்டுக்கும் சரியாக இருக்கும்.

சீனு சித்தப்பா: நிலா, உன் மார்க்கத்தை, அதாவது நீ ஆடப்போகும் உருப்படிகளின் வரிசையைப் போடு. நேரத்தோடு.

நிலா: புஷ்பாஞ்சலி 6, அலாரிப்பு 5, ஜதீஸ்வரம் 10, சப்தம் 14, வர்ணம் 42. அப்புறம் இடைவேளை, சிறப்பு விருந்தினர் பேச்சு. அதற்குப் பிறகு இரண்டு பதம், தில்லானா, மங்களம்.

சீனு சித்தப்பா: முதல் பாதி ஆட்டம் மட்டுமே 77 நிமிடம். நடுவில் தொகுத்து வழங்குபவர் ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு நிமிடம் பேசுவார், நீ மூச்சு வாங்குவாய். 85-ஐத் தாண்டும். 4கே நிமிடத்துக்கு 750 எம்பி. 64 ஜிபி எவ்வளவு நேரம் வரும், அருண்?

அருண்: 85 நிமிடம்!

சீனு சித்தப்பா: அதாவது கார்டு நிறைவது சரியாக வர்ணத்தின் கடைசியில், அவள் உயிரைக் கொடுத்து ஆடும் இடத்தில்.

நிலா: ஐயோ வேண்டாம். வர்ணம் பாதியில் நின்றால் நான் அருணோடு பேசவே மாட்டேன்.

சீனு சித்தப்பா: அதனால் 128 இரண்டு. ஒரே கார்டில் இரண்டே முக்கால் மணி நேரம் வரும், நிகழ்ச்சி முழுவதுமே அடங்கும். ஆனாலும் இடைவேளையில் மாற்றிவிடு. உன் கேமராவில் ஒரே ஸ்லாட்தான், ஒரு கார்டு போனாலும் ஒரு பாதியாவது கையில் இருக்கும். 256 ஒன்று வாங்கி எல்லாவற்றையும் அதில் கொட்டாதே. இன்னொன்று: ஒரே பெயர், ஒரே அட்டைப்பெட்டி, ஆனால் 64-இல் யூ1, 128-இல் யூ3 என்று வருவதும் உண்டு. கார்டின் மேலேயே குறியைப் பார்த்து வாங்கு.

திங்கள், மாலை 5:30

அருண்: அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட் போய் வந்தேன். மூன்று கடை ஏறினேன். முதல் கடையில் வி30 கேட்டால் "எல்லாம் 4கே ஓடும் தம்பி" என்று யூ1 கார்டை நீட்டினார். இன்னொருவர் பில் இல்லாமல் என்றால் 200 ரூபாய் குறைப்பதாகச் சொன்னார். கடைசியில் சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் 128, வி30, இரண்டு. பில்லோடுதான்.

சீனு சித்தப்பா: நல்லது. அந்த 200 ரூபாயில் வாரன்டி போயிருக்கும்.

அருண்: ஆனால் சித்தப்பா, கம்ப்யூட்டரில் 119 ஜிபிதான் காட்டுகிறது! ஏமாந்துவிட்டேனா?

சீனு சித்தப்பா: இல்லை. கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. 128 என்றால் 119தான் வரும். ஆனாலும் முழுவதும் எழுதிப் பார்த்துவிடு. எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. கார்டு நிறையும் வரை எழுதி, அதையே திரும்பப் படித்துச் சரிபார்க்கும். மேக் என்றால் எஃப்3.

இரவு 10:50

அருண்: இன்னும் ஓடுகிறது. எழுதும் வேகம் 22 எம்பி என்கிறது. வி30 என்று போட்டு 22-ஆ?

சீனு சித்தப்பா: எந்த கார்டு ரீடரில் போட்டாய்?

அருண்: அப்பாவின் பழைய ரீடர்.

சீனு சித்தப்பா: யூஎஸ்பி 2-ஆக இருக்கும். கார்டு ஓடத் தயார், சந்துதான் குறுகல். வேறு ரீடரில் போடு.

செவ்வாய், காலை 7:20

அருண்: பக்கத்து வீட்டு யூஎஸ்பி 3 ரீடரில் 68 வருகிறது. இரண்டு கார்டிலும் பிழை ஒன்றுமில்லை. கேமராவிலேயே ஃபார்மட் செய்து, 4கே-யில் 45 நிமிடம் விடாமல் ஓட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. மின்விசிறி மிக அழகாக வந்திருக்கிறது.

நிலா: வர்ணத்துக்கு முன் ஒத்திகை மின்விசிறிக்கா!

சுமதி அத்தை: பில்லை அனுப்பு கண்ணா, காசு போடுகிறேன்.

சீனு சித்தப்பா: கார்டு மேல் 1, 2 என்று ஒட்டிவிடு. பக்கவாட்டில் இருக்கும் சின்ன லாக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள். அன்று இரவே லேப்டாப்பிலும் ஒரு ஹார்ட் டிஸ்கிலும் ஏற்று. இரண்டு இடத்தில் வந்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும்.

வெள்ளி, மாலை 4:05

பெரியப்பா: அருண், என் கார்டு வந்துவிட்டது.

சீனு சித்தப்பா: அண்ணா! வாங்கிவிட்டீர்களா?

பெரியப்பா: 599 தானே. அருண் வந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

மாலை 6:30

அருண்: பார்த்தாயிற்று. 1 டிபி முழுவதும் எழுத வேண்டியிருக்கவில்லை, 60 ஜிபி போட்டதிலேயே தெரிந்துவிட்டது. முதல் 29 ஜிபி சரி, மீதி எல்லாம் குப்பை. பெரியப்பா, இன்றே திருப்பி அனுப்பச் சொல்லிப் போட்டுவிட்டேன்.

பெரியப்பா: அந்த 29 நன்றாகத்தானே இருக்கிறது? காரில் பாட்டு கேட்க வைத்துக்கொண்டால் என்ன?

சீனு சித்தப்பா: அண்ணா.

பெரியப்பா: சரி சரி, அனுப்பிவிடு.