புதுப்பிப்பு: டர்பன் கடலில் காலை நீச்சலுக்கு எந்த நிறக் கண்ணாடி?

விடியற்காலை கடலில் நீந்தும்போது சூரியன் எதிரே எழுகிறது, தண்ணீர்ப் பளபளப்பில் மிதவையே தெரிவதில்லை, என்ன நிற நீச்சல் கண்ணாடி வாங்கலாம் என்று கேட்டிருந்தேன். நான் நீந்துவது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடலில். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் பலரும் சொன்ன கரும்புகை நிறத்தை வாங்கினேன். வெயில் நாளில் சரி. மேகம் மூடிய காலையில் கடலும் வானமும் ஒரே சாம்பல். அலை தலைக்கு மேல் வந்த பிறகுதான் தெரிந்தது. அப்புறம் இங்கே சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் அண்ணன் ஒருவர் சொன்ன செம்பு நிற போலரைஸ்டு (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் தடுக்கும்) கண்ணாடிக்கு மாறினேன். அதுதான் கை கொடுத்தது. நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்வதால் அதை இது வடிகட்டிவிடுகிறது. ஆரஞ்சு மிதவை இப்போது பளிச்சென்று தெரிகிறது. நேரே அடிக்கும் சூரியனை மட்டும் இது தடுக்காது; அதற்கு நிறத்தின் அடர்த்திதான்.

இடையில் ஒரு கடையில் போலரைஸ்டு என்று ஒட்டி விற்ற ஜோடி, எல்சிடி திரைமுன் (கணினித் திரை போன்றது) எவ்வளவு திருப்பியும் இருளவே இல்லை. உண்மையானது ஒரு கோணத்தில் கருத்துவிடும். திருப்பிக் கொடுத்தேன்.

எதிர்பாராதது: மணிக்கட்டைச் சாய்த்தால் என் கைக்கடிகாரத் திரை கருப்பாகிறது. அதே நிறத்தில் வாங்கிய போலரைஸ்டு வெயில் கண்ணாடியைப் போட்டு வண்டி ஓட்டினால் பக்கத்துக் கார் ஜன்னல்களில் திட்டுத்திட்டாகத் தெரிகிறது. பயப்பட வேண்டாம், கடினப்படுத்திய கார் ஜன்னல் கண்ணாடியின் இயல்பு அது. வண்டி ஓட்ட 8 முதல் 18 சதவீதம் ஒளி விடும் 3ஆம் வகை வெயில் கண்ணாடியே போதும்; அதைவிட இருண்ட 4ஆம் வகை கூடாது. புற ஊதாத் தடுப்பு நிறத்தைப் பொறுத்ததல்ல, 400 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதற்கான யூவி 400 குறி இருக்கிறதா பாருங்கள்.