குடும்பக் குழு: சியாட்டிலின் பைக் பிளேஸ் (Pike Place) சந்தைக்குக் குழந்தைகளோடு

வெள்ளிக்கிழமை இரவு, சியாட்டில் நேரம்

நான், 8.40: அக்கா, நாளை காலை குழந்தைகளை சியாட்டில் நகரத்துக்குள் அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன். லின்வுட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகியும் இன்னும் நகரத்தைப் பார்க்கவில்லை. சந்தை, ஸ்பேஸ் நீடில், மீன் காட்சியகம், கடற்கரை ராட்டினம் நான்கையும் ஒரே நாளில் முடித்துவிட முடியுமா? பாப்பாவுக்கு ஐந்து முடிந்துவிட்டது, நடந்துவிடுவாள். தம்பிதான் பாதி வழியில் தூக்கச் சொல்வான்.

அக்கா, 8.52: முடியும் கண்ணு, ஆனால் மூன்றாவது இடத்துக்குப் போகும்போது தம்பி உன் தோளில் தூங்கிப்போயிருப்பான், பாப்பா சிணுங்கிக்கொண்டிருப்பாள். டல்லாஸுக்கு வருவதற்கு முன் எட்டு ஆண்டுகள் அங்கே இருந்து, மாதம் ஒருமுறையாவது பிள்ளைகளோடு அந்தச் சந்தைக்குப் போனவள் சொல்கிறேன்: நாளைக்குச் சந்தையை மட்டும் வைத்துக்கொள். காரை எடுக்காதே, லைட் ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்தில் வெஸ்ட்லேக் நிலையம் வந்துவிடும், 18 வயதுவரை கட்டணமும் கிடையாது. அங்கிருந்து பைக் தெருவில் கடலைப் பார்த்து நடந்தால், சிவப்பு எழுத்துப் பலகையும் கடிகாரமும் தூரத்திலேயே தெரியும். ஒன்பது மணிக்கு அங்கே இருக்க வேண்டும். பதினொன்றுக்கு மேல் கூட்டத்தில் குழந்தை வண்டியைத் தள்ளவே முடியாது.

அப்பா, 9.05: அது எப்படிப்பட்ட சந்தை அம்மா? நம் மொத்த வியாபார மார்க்கெட்டைப் போலவா, உழவர் சந்தையைப் போலவா?

அக்கா, 9.18: உழவர் சந்தைதான் அப்பா. 1907இல் வெங்காய விலை தாறுமாறாக ஏறி, நடுவில் இருக்கும் தரகர்கள்தான் லாபத்தை விழுங்குகிறார்கள் என்று மக்கள் கொதித்துப்போனபோது, விவசாயிகளே வண்டியில் கொண்டுவந்து நேரடியாக விற்கட்டும் என்று நகர சபை அந்தத் தெருவை ஒதுக்கிக் கொடுத்தது. ஆகஸ்ட் 17ஆம் தேதி முதல் நாள். வந்தவை சில வண்டிகளே, அத்தனையும் நண்பகலுக்கு முன்பே விற்றுத் தீர்ந்துவிட்டன. பிறகு அங்கே காய்கறி விற்றவர்களில் பெரும்பகுதியினர் ஜப்பானிய விவசாயக் குடும்பத்தினர். 1942இல் போரைக் காரணம் காட்டி அவர்களை முகாம்களுக்கு அனுப்பியபோது மேசைகள் வெறிச்சோடிப் போயின. நான் அங்கே போகும்போதெல்லாம் என் மனத்தை உறுத்தும் செய்தி இது. பிற்காலத்தில் சந்தையையே இடித்துவிட்டுப் பெரிய கட்டடங்கள் எழுப்பத் திட்டம் போட்டார்கள். விக்டர் ஸ்டைன்புரூக் என்ற கட்டடக் கலைஞர் முன்னின்று போராட, 1971இல் நகர மக்கள் வாக்களித்துக் காப்பாற்றினார்கள்.

அப்பா, 9.31: நம் உழவர் சந்தை 1999 நவம்பர் 14இல் மதுரையில் தொடங்கியதும் இதே காரணத்துக்காகத்தான். கோவை ஆர்.எஸ்.புரத்தில் சந்தை வந்த பிறகு உங்கள் இருவரையும் விடியற்காலையில் அழைத்துப் போய், அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயியிடம் உங்கள் கையாலேயே தக்காளியைப் பொறுக்கச் சொல்வேன், நினைவிருக்கிறதா? பாப்பா கையிலும் காசைக் கொடுத்து அவளையே வாங்கச் சொல். நீ பக்கத்தில் நின்றால் போதும், குறுக்கே பேசாதே.

மாமா, 9.40: கடிகாரத்தின் கீழே ரேச்சல் என்ற வெண்கலப் பன்றி நிற்கும், ஜார்ஜியா கெர்பர் என்ற சிற்பி வடித்தது, 1986இல் வைத்தார்கள். ஏறக்குறைய 250 கிலோ எடையுள்ள பெரிய உண்டியல் அது. அதில் விழும் காசு சந்தைக்குள்ளேயே இயங்கும் மருத்துவமனை, முதியோர் மையம், மழலையர் பள்ளி, இலவச உணவு மையம் ஆகியவற்றுக்குப் போகிறது. நாணயங்களைச் சட்டைப்பையில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மதியம் களைத்துவிட்டால் நான்காம் அவென்யூவில் இருக்கும் மத்திய நூலகத்துக்குப் போய்விடுங்கள். முதல் தளத்தில் குழந்தைகளுக்கென்றே பெரிய பகுதி இருக்கிறது, கழிப்பறையும் உண்டு. ஆனால் வழி நல்ல ஏற்றம்.

சனிக்கிழமை மாலை

நான், 6.55: இப்போதுதான் வந்து சேர்ந்தோம். நீங்கள் சொன்னபடி வேறெங்கும் போகவில்லை, ஆனாலும் பாதிச் சந்தையைக்கூடப் பார்த்து முடிக்கவில்லை. வாசலிலிருந்து முதல் கடைக்குப் போகவே இருபது நிமிடம் ஆனது. தரை ஓடுகளில் ஆயிரக்கணக்கான பெயர்கள் பொறித்திருக்கின்றன அல்லவா, 1980களில் தரையைப் புதுப்பிக்கப் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள். பாப்பா ஒவ்வொன்றாகக் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே நகர்ந்தாள். நானும் அவசரப்படுத்தவில்லை.

மீன் கடையில்தான் கொஞ்சம் தடுமாறிப்போனோம். ஆரஞ்சு நிற உடுப்புப் போட்டவர்கள் ஒருவர் கத்த, எல்லோரும் சேர்ந்து திருப்பிக் கத்தி, முழு மீனைத் தலைக்கு மேல் வீசிப் பிடித்தபோது, தம்பி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறிவிட்டான். நான்கு கடை தள்ளி நின்று, தூரத்திலிருந்து காட்டிய பிறகுதான் அழுகை நின்றது. அதன்பின் "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். சின்னக் குழந்தைகளை முதலிலேயே அந்தக் கடைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது என்று புரிந்துகொண்டேன்.

அக்கா, 7.02: பூக்கடைகளைப் பார்த்தாயா? அங்கே விற்பவர்களில் பலர் லாவோஸிலிருந்து வந்த மோங் குடும்பத்தினர், தங்கள் நிலத்தில் தாங்களே பயிரிட்ட பூக்கள்.

நான், 7.08: பார்த்தோம் அக்கா. வாளி வாளியாக டாலியா வைத்திருந்தார்கள். தம்பி ஒரு வாளித் தண்ணீரில் கையை விட்டுவிட்டான்; நான் மன்னிப்புக் கேட்பதற்குள், கடைக்கார அம்மா தண்டு ஒடிந்த பூ ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டார். ரயிலில் தூங்கும்போதும் அதை விடவில்லை.

அப்பா, 7.20: பாப்பா என்ன வாங்கினாள்?

நான், 7.31: ரெய்னியர் செர்ரி வாங்கினாள் அப்பா, மஞ்சளும் சிவப்பும் கலந்த பழம், இந்த வாஷிங்டன் மாநிலத்திலேயே 1952இல் உருவாக்கிய ரகம். ஐந்து டாலர் தாளை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. நீங்கள் சொன்னது நினைவுக்கு வர, அடக்கிக்கொண்டேன். விற்றவரும் அவசரப்படாமல் குனிந்து, காம்பு பச்சையாக இருந்தால் புதிதாகப் பறித்தது, காய்ந்து பழுப்பேறியிருந்தால் பழையது என்று இரண்டு பழங்களை அருகருகே வைத்துக் காட்டினார். அதன் பிறகு அவளே ஒவ்வொன்றின் காம்பையும் பார்த்துப் பார்த்துப் பையில் போட்டாள். மீதி கிடைத்த நாணயங்கள் ரேச்சலின் முதுகில் இருக்கும் துளைக்குள் போயின; கடைசி நாணயத்தைத் தம்பியின் கையால் போடவைத்தாள்.

அப்பா, 7.36: பழம் மீதி இருக்கிறதா?

நான், 7.39: பழம் எல்லாம் ரயிலிலேயே தீர்ந்துவிட்டது. காம்புகளை மட்டும் உங்களுக்குக் காட்டுவதற்காகக் காகிதப் பையில் பத்திரமாக வைத்திருக்கிறாள். இன்னும் தூங்கவில்லை, இப்போதே கூப்பிடுங்கள்.